கண்ணாடியில் தெரியும் நட்சத்திரம்

தமிழ்நாட்டில் பி.எட். படித்தவர்களிடம் சைக்காலஜி பிராக்டிகல் பற்றிக் கேட்டால், பலர் முதலில் அந்த நட்சத்திரத்தைத்தான் சொல்வார்கள். ஒரு தாளில் இரட்டைக் கோட்டில் அச்சிட்ட நட்சத்திரம். அதை மறைத்தபடி, கை நுழையும் அளவுக்கு மட்டும் இடம் விட்டு ஒரு தடுப்பு. எதிரே நிறுத்திவைத்த கண்ணாடி. பக்கத்துப் பள்ளியிலிருந்து கூப்பிட்டு வந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் பென்சிலோடு உட்காருவான். தாளை நேரே பார்க்கக் கூடாது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இரண்டு கோடுகளுக்கும் நடுவில் நட்சத்திரத்தைச் சுற்றி வர வேண்டும். தொடங்கிய நொடியிலேயே பென்சில் முரண்டு பிடிக்கும். மேலே போக நினைத்தால் கீழே இறங்கும். முனையில் திரும்ப வேண்டிய இடத்தில் கை அப்படியே நின்றுபோகும்.

எதிரே இருக்கும் பயிற்சி ஆசிரியர் ஆன நேரத்தைக் குறிப்பார். கோட்டைத் தாண்டிய இடங்களை எண்ணுவார். மறுபடி ஒரு தடவை, அப்புறம் இன்னொரு தடவை. ஒவ்வொரு முயற்சிக்கும் நேரம் குறையும், தவறும் குறையும். அதைக் கட்டம் போட்ட தாளில் வளைகோடாக வரைந்து ரெக்கார்டு நோட்டில் ஒட்டிக் கையெழுத்து வாங்கினால் வேலை முடிந்தது. மணி அடிக்கும், பையன் வகுப்புக்கு ஓடிவிடுவான். முதல் தடவை ஏன் முடியாமல் போனது, ஆறாவது தடவை எப்படி முடிந்தது, அதற்குள் தன் தலைக்குள் என்ன மாறியது என்று அவனுக்குச் சொல்ல வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டில் இல்லை.

மனத்தைப் பற்றிய படிப்பு நம் பள்ளிக்கூடங்களுக்குள் நுழைந்து நூறாண்டு கடந்துவிட்டது. வந்த நாளிலிருந்து அது மேசைக்கு அந்தப் பக்கம், ஆசிரியர் உட்காரும் பக்கமே நின்றுவிட்டது. ஆசிரியர் மாணவனை அறிவதற்கான படிப்பாக இருந்ததே தவிர, மாணவன் தன்னை அறிவதற்கான படிப்பாக ஆகவில்லை. வெள்ளாற்றங்கரையில் இருக்கும் திட்டக்குடியிலிருந்து பார்த்தால் இந்தக் கதை இன்னும் உறுத்தும். தன்னைத் தானே விசாரிக்கும் வழக்கம் இந்த வட்டாரத்துக்கு ஒன்றும் புதிதில்லை.

திட்டக்குடி வட்டத்திலேயே இருக்கிறது பெண்ணாடம். சைவ சித்தாந்தத்தின் தலையாய நூலான சிவஞானபோதத்தைத் தந்த மெய்கண்டார் பிறந்த ஊர். காலம் 13-ஆம் நூற்றாண்டு. நூல் மொத்தமே 12 நூற்பாக்கள். பக்தி நூல் என்று ஒதுக்கிவிட்டுப் போகிறவர்கள் அதில் பாதியை இழக்கிறார்கள். நினைப்பது, முடிவெடுப்பது, நினைவில் பதிப்பது, 'நான்' என்று முனைவது ஆகியவற்றை ஒன்றாகக் குழப்பாமல் மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்று தனித்தனிக் கருவிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் என்ன வேலை என்று பேசுகிற மரபு அது. உயிர் எதைச் சார்கிறதோ அதன் தன்மையைப் பெற்றுவிடும் என்பது அந்த மரபின் இன்னொரு முடிவு. பதினைந்து வயதுப் பிள்ளையின் சேர்க்கையைப் பற்றிக் கவலைப்படும் எந்தத் தாய்க்கும் இதற்கு உரை தேவைப்படாது.

மெய்கண்டாரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. அவர் சிறு பிள்ளையாக இருக்கும்போதே திருவெண்ணெய்நல்லூரில் மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய குடும்பத்துக்கே குருவான சகலாகம பண்டிதர், தன்னை வந்து பார்க்காமல் ஒரு சிறுவன் பாடம் நடத்துவதா என்ற கோபத்தில் கிளம்பி வந்தார். அன்று பாடம் ஆணவத்தைப் பற்றி. வந்தவரைப் பிள்ளை கவனிக்கவில்லை. பொறுக்க முடியாமல் பண்டிதர் கேட்டார்: ஆணவத்தின் வடிவம்தான் என்ன? பிள்ளை பதில் சொல்லவில்லை. நின்றிருந்தவரை உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரு பார்வை பார்த்தது. பண்டிதருக்குப் புரிந்துவிட்டது. அந்த இடத்திலேயே சீடரானார். பிற்காலத்தில் சிவஞான சித்தியார் எழுதிய அருள்நந்தி சிவம் அவர்தான். ஒரு மனிதர் தன் கோபத்தின் முகத்தைத் தானே கண்ட பாடம் அது. நடத்தியது ஒரு சிறுவன் என்பதைக் கதை சொல்கிறவர்கள் ஒருபோதும் விடுவதில்லை.

திட்டக்குடி இருக்கும் இதே கடலூர் மாவட்டத்தில், மருதூரில் 1823-ல் பிறந்தவர் வள்ளலார். அவர் 1854-ல் வெளியிட்ட 'மனுமுறை கண்ட வாசகம்' என்னும் உரைநடை நூலில், மகனின் தேர்க்காலில் கன்று மாண்டதைக் கேட்ட மன்னன் துடித்துப்போகிறான். தனக்கு ஏன் இது நேர்ந்தது என்று தன் வாழ்நாளையே புரட்டிப் பார்க்கிறான். வேலை வாங்கிக்கொண்டு கூலியைக் குறைத்தது உண்டா, சேர்ந்திருந்த நண்பர்களைப் பிரித்துவிட்டது உண்டா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்விகள் வருகின்றன. கேட்கிறவனும் அவனே, பதில் சொல்ல வேண்டியவனும் அவனே. நூலில் அதிகம் பேசப்படும் பகுதி இதுதான். பின்னாளில், 1872-ல், அவர் வடலூரில் எழுப்பிய சத்திய ஞான சபையில் தைப்பூசத்தன்று ஏழு திரைகள் ஒவ்வொன்றாக விலகும். கடைசித் திரைக்கு அப்பால் இருப்பவை கண்ணாடியும் விளக்கும். கூட்டத்தில் நெருக்கிக்கொண்டு நிற்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த ஏழு திரைகளும் ஆன்ம அறிவை மறைப்பவை என்பதைப் பெரியவர்கள் அங்கேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

நவீன உளவியல் இந்த வழியில் வரவில்லை. அது சென்னை வழியாக வந்தது.

1856-ல் சென்னையில் அரசு நார்மல் பள்ளியாகத் தொடங்கி, பிறகு சைதாப்பேட்டைக்கு இடம் மாறிய ஆசிரியர் கல்லூரிதான் மாகாணத்துக்கே ஆசிரியர்களைத் தயார் செய்தது. தென்னாற்காடு மாவட்டத்து உயர்நிலைப் பள்ளிகளில் 'எல்.டி. வாத்தியார்' என்றால் தனி மரியாதை. எல்.டி. என்ற அந்தப் பட்டத்தின் பாடத்தில் மனோதத்துவமும் இருந்தது. 1910-ல் அங்கே எல்.டி. பயிற்சிக்குப் போனவர்களில் ஒருவர், மாநிலக் கல்லூரியில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த எஸ். ராதாகிருஷ்ணன். தத்துவத்தில் ஏற்கெனவே எம்.ஏ. முடித்திருந்த அவரையே, கூடப் படித்தவர்களுக்குப் பாடம் சொல்ல வைத்தார்கள். அந்த வகுப்புகளின் பயனாக 1912-ல் உளவியலின் அடிப்படைகளைப் பற்றிய சிறு ஆங்கில நூல் ஒன்று அவர் பெயரில் வந்தது. பின்னாளில் குடியரசுத் தலைவர் ஆனவர், செப்டம்பர் 5-ல் பள்ளிகள் தோறும் கொண்டாடப்படுகிறவர், இளமையில் எழுதியது ஆசிரியர்களுக்கான உளவியல் நூல் என்பது பலருக்குத் தெரியாது. நூல் ஆங்கிலம், வாசகர் ஆசிரியர். மாணவன் அப்போதே கணக்கில் இல்லை.

உலகமெங்கும் அன்று நிலைமை ஏறக்குறைய அதுதான். அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி ஹால் 1904-ல் வளரிளம் பருவத்தைப் பற்றி இரண்டு பெரிய தொகுதிகள் எழுதினார். அந்த வயதைப் புயலும் கொந்தளிப்புமான காலமாகக் கண்டார். 1905-ல் பிரான்சில் பினேயும் சிமோனும் நுண்ணறிவுச் சோதனையை வகுத்தார்கள். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1916-ல் உளவியலுக்குத் தனித் துறை உருவானது. மைசூரில் 1924-ல் எம்.வி. கோபாலசுவாமி ஒரு துறையைத் தொடங்கினார். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 1943 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, ஜி.டி. போவாஸ் தலைமையில் துறை வந்தது. எல்லாம் அளப்பதற்கும் வகைப்படுத்துவதற்குமான கருவிகள். அளக்கப்படுகிறவரிடம் அளவுகோலைக் கொடுத்துப் பார்ப்பதென்பது யாருக்கும் தோன்றவில்லை.

தமிழில் அது ஒருவருக்குத் தோன்றியது. பெ. தூரன். இசை ரசிகர்களுக்குக் கீர்த்தனைகளால் தெரிந்தவர், அறிஞர்களுக்குக் கலைக்களஞ்சியத்தால் தெரிந்தவர். பிழைப்புக்கு அவர் பார்த்த வேலை பள்ளி ஆசிரியர் வேலை. 1908-ல் ஈரோட்டுப் பக்கம் மஞ்சக்காட்டுவலசில் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் படிக்கும்போது நண்பர்களோடு சேர்ந்து 'பித்தன்' என்ற பத்திரிகை நடத்தினார். 1931-ல் பகத்சிங் தூக்கிலிடப்பட்டபோது, மனம் பொறுக்காமல் பி.ஏ. தேர்வையே எழுதாமல் விட்டார். பிறகு கோபிசெட்டிபாளையத்திலும், கோவைக்குப் பக்கத்துப் பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயத்திலும் பிள்ளைகளோடு பிள்ளையாகப் பல ஆண்டுகள் இருந்தார். விடுதிப் பள்ளியில் ஆசிரியராக இருப்பவருக்குப் பிள்ளைகளின் பகல் முகம் மட்டுமல்ல, இரவு முகமும் தெரியும். வீட்டை நினைத்து அழுகிறவன், எதற்கெடுத்தாலும் முறைக்கிறவன், பேச எழுந்தால் நா ஒட்டிக்கொள்கிறவன் என்று எல்லோரும் அங்கே இருப்பார்கள்.

அந்த அனுபவத்திலிருந்து ஒரு நூல் வரிசையே வந்தது. 'குழந்தை உள்ளம்', 'குமரப் பருவம்', 'தாழ்வு மனப்பான்மை', 'அடிமனம்', 'மனமும் அதன் விளக்கமும்'. தலைப்புகளைப் பார்த்தாலே ஒன்று விளங்கும். இவை சைதாப்பேட்டை விரிவுரைக்கு எழுதியவை அல்ல. ஃபிராய்டு பேசிய நனவிலி இங்கே 'அடிமனம்' ஆனது. கிணற்றடி, மலையடி போல, கேட்ட உடனே புரியும் சொல். ஆட்லர் விளக்கிய சிக்கல் 'தாழ்வு மனப்பான்மை' என்ற பெயரில் நூலாக வந்தது. இன்று திட்டக்குடி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருப்பவர்கூட, "அவனுக்கு ஒரு தாழ்வு மனப்பான்மை, அதான் ஒதுங்கிப் போறான்" என்று சர்வ சாதாரணமாகச் சொல்வார். வியன்னாவில் பிறந்த கருத்து வெள்ளாற்றங்கரைப் பேச்சில் கலந்துவிட்டது. ஒரு துறை தன் சொற்களைத் தெருவுக்குக் கொடுத்துவிட்டால் அதில் பாதி வேலை முடிந்த மாதிரி.

'குமரப் பருவம்' தனியாகச் சொல்ல வேண்டிய நூல். உடல் மாறும் வயதையும், அதோடு மனம் படும் பாட்டையும், ஒளித்து வைக்காமல் தமிழில் எழுதத் துணிந்த நூல்களில் அது முன்வரிசையில் வரும். வீட்டிலும் பள்ளியிலும் வாயைத் திறக்க முடியாத பேச்சு அது. தி.சு. அவினாசிலிங்கம் 1946-ல் தொடங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியத்துக்குத் தூரன் முதன்மை ஆசிரியரானார். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகள் வந்தன. அதன் பிறகு பிள்ளைகளுக்கென்றே தனியாகக் குழந்தைகள் கலைக்களஞ்சியம். பெரியவர்களுக்கு இருக்கும் அறிவு அத்தனையும் பிள்ளைகளுக்கும் உரியது என்ற எண்ணம் இல்லாத ஒருவர் இரண்டாவது முறையும் அந்தப் பாரத்தைச் சுமக்க முன்வந்திருக்க மாட்டார்.

இந்த நூல்கள் பள்ளிப் பாடமாகவில்லை. அவற்றைப் பிள்ளைகள் தேடிப் போன இடம் கிளை நூலகம். சென்னை மாகாணம் 1948-ல் கொண்டுவந்த பொது நூலகச் சட்டம் சிற்றூர்களுக்கும் நூலகத்தைக் கொண்டுவந்தது. அந்த அலமாரிகளில் தூரனுக்குப் பக்கத்தில் அப்துற் றஹீமின் 'வாழ்க்கையில் வெற்றி'யும், பிறகு எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்க'ளும் வந்து உட்கார்ந்தன. தன்னம்பிக்கை நூல்களுக்கும் உளவியலுக்கும் இடையே தூரம் அதிகம்தான். முன்னது முயன்றால் முடியும் என்கிறது. பின்னது ஏன் சிலருக்கு முயலவே முடியவில்லை என்று கேட்கிறது. ஆனால் கிராமத்துப் பிள்ளைக்குக் கையில் கிடைத்தவை அவைதான். தன் மனத்தைப் பற்றி ஒரு புத்தகம் பேசுகிறது என்ற வியப்பை முதலில் கொடுத்தவையும் அவைதான்.

அரசாங்கத்துக்கு இந்தத் தேவை தெரியாமல் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-ல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, அடுத்த ஆண்டு கொடுத்த அறிக்கையில் ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளி மாணவருக்கும் வழிகாட்டலும் ஆலோசனையும் வேண்டும், அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும் என்று தெளிவாகச் சொன்னது. 1954-ல் தில்லியில் இதற்கென ஒரு மத்திய அமைப்பும் வந்தது. அறிக்கை வந்து எழுபது ஆண்டுகள் ஓடிவிட்டன. கிராமப்புற அரசுப் பள்ளியில் இதற்கென்று தனியாக ஓர் ஆள் என்பது இன்னமும் கனவுதான். அந்த இடத்தை இத்தனை காலம் நிரப்பிவந்தது வாரத்துக்கு ஒன்றாக வரும் நீதிபோதனை வகுப்பு. அதையும் போர்ஷன் முடியவில்லை என்று கணக்கு ஆசிரியரோ அறிவியல் ஆசிரியரோ கேட்டு வாங்கிக்கொள்வார்கள். தமிழ்நாட்டில் படித்த எவருக்கும் இது தெரிந்த கதை. நீதிபோதனை நடந்தாலும் அது எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லுமே ஒழிய, இப்போது எப்படி இருக்கிறாய் என்று கேட்காது.

தனியார் முயற்சிகள் நடக்காமல் இல்லை. மரியா மாண்டிசோரி 1939-ல் அடையாறுக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இங்கேயே தங்கி நூற்றுக்கணக்கான ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1943-ல் புதுச்சேரி ஆசிரமத்தில் தொடங்கிய பள்ளி, உடலுக்கும் அறிவுக்கும் உள்ளத்துக்கும் தனித்தனியே கல்வி வேண்டும் என்றது. ஜே. கிருஷ்ணமூர்த்தியின் பள்ளிகள் தன்னை அறிவதையே கல்வியின் நடுப்புள்ளியாக வைத்தன. அருமையான முயற்சிகள். திட்டக்குடியில் முந்திரிக் காட்டுக்கும் கரும்புக் காட்டுக்கும் கூலிக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளைக்கு அவை எட்டவில்லை.

1978-ல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வந்தது. கல்லூரியில் படித்த பி.யு.சி. போய், பள்ளியிலேயே ப்ளஸ் டூ. அதுவரை பதினேழு வயதில் கல்லூரி வாசலில் நடந்த தீர்ப்பு இப்போது பள்ளிக்குள் வந்தது. பத்து, பன்னிரண்டு என்ற இரண்டு பொதுத்தேர்வுகளும் வீட்டின் மூச்சையே நிறுத்தி வைக்கத் தொடங்கின.

முடிவு வரும் நாள் எப்படி இருந்தது என்பது இணையத்துக்கு முந்தைய தலைமுறைக்கு மறக்காது. பதிவு எண்கள் மட்டும் பொடி எழுத்தில் பத்தி பத்தியாக அச்சான நாளிதழ். பஸ்ஸில் வரும் கட்டுக்காக இளைஞர்கள் சாலையோரம் காத்திருப்பார்கள். பிரித்த பேப்பரின் மேல் பத்துத் தலைகள் கவிழும். விரல் ஒவ்வொரு எண்ணாக இறங்கும். தேறியவர்களின் எண்தான் இருக்கும். தேறாதவருக்கு என்று எந்த வரியும் கிடையாது. முன்னெண்ணும் பின்னெண்ணும் இருக்கும், நடுவில் தன் எண் இருக்காது. "பேப்பர்ல நம்பர் வந்துச்சா?" என்று கேட்டபடி எதிரே வருகிறவருக்கு அந்தப் பிள்ளை என்ன பதில் சொல்லும்? அந்த வெற்றிடத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்த தூரத்தை எந்தப் பாடமும் அவர்களுக்குக் கற்றுத்தரவில்லை.

அந்தத் தூரத்தைக் கடக்க முடியாமல் போன பிள்ளைகளைப் பற்றிப் பேசியவர்களில் முதன்மையானவர் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார். 1986-ல் அவர் சென்னையில் தொடங்கிய சிநேகா அமைப்பு, மனம் உடைந்தவர்களின் பேச்சைக் கேட்பதையே தொண்டாகச் செய்துவருகிறது. தோற்றவர்கள் ஓர் ஆண்டு காத்திருக்காமல் சீக்கிரமே மறுபடி எழுத வழி இருக்க வேண்டும் என்பது அவர் விடாமல் வலியுறுத்திய கருத்து. பிறகு உடனடித் தேர்வு நடைமுறைக்கு வந்தது. தோல்விக்கும் அடுத்த வாய்ப்புக்கும் நடுவில் இருந்த பள்ளம் ஓராண்டிலிருந்து சில வாரங்களாகச் சுருங்கியது. 2017-ல் பொதுத்தேர்வு முடிவுகளோடு முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தையும் தமிழ்நாடு அரசு நிறுத்தியது. இரண்டும் பாடப்புத்தகத்தில் ஒரு வரிகூடச் சேர்க்காத மாற்றங்கள். ஆனாலும் பிள்ளைகளின் மனத்துக்கு இவை செய்த நன்மையைக் குறைத்துச் சொல்லவே முடியாது.

உதவி எண்களும் வந்தன. 2013-ல் 104, 2018-ல் கல்வித் துறையின் 14417, 2022-ல் மனநலத்துக்கென 14416. பள்ளி பள்ளியாகப் போகும் நடமாடும் ஆலோசனை மையங்கள் பத்து 2013 வாக்கில் ஓடத் தொடங்கின. மாநிலம் முழுவதற்கும் பத்து. கடலூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில் இருக்கும் பள்ளிக்கு அந்த வண்டி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வந்திருக்க முடியும் என்று கணக்குப் போட்டாலே போதும்.

அதே நேரத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது? 2012 ஜூலையில் தமிழ்நாட்டில் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு நடந்தது. 150 மதிப்பெண்ணில் 30 உளவியலுக்கு. ஒரே வீச்சில் மாநிலமெங்கும் லட்சக்கணக்கானவர்கள் உளவியல் படிக்க உட்கார்ந்தார்கள். விருத்தாசலத்திலும் திட்டக்குடியிலும் பயிற்சி மையங்களின் பெயர்ப் பலகைகள் முளைத்தன. பியாஜேயின் நான்கு நிலைகள், கோல்பெர்க்கின் ஒழுக்க வளர்ச்சி, ஸ்கின்னரின் எலி, பாவ்லோவின் நாய். சமையல் மேடையில் புத்தகத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு, குழம்பு கொதிக்கும்போதே குறுவினா மனப்பாடம் செய்த பெண்கள் எத்தனையோ பேர். எரிக்சன் சொன்ன எட்டு நிலைகளில் ஐந்தாவது, பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரை: தான் யார் என்ற தெளிவா, இல்லை குழப்பமா என்று மனம் ஊசலாடும் காலம். சரியான விடையைக் குறித்தால் ஒரு மதிப்பெண். அந்த ஐந்தாவது நிலையில் இருக்கும் மகன் அதே வீட்டில், அடுத்த அறையில், பத்தாம் வகுப்புக் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பான். அம்மா படிப்பது தன்னைப் பற்றித்தான் என்று அவனுக்குத் தெரியாது.

அந்தப் பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி காதில் விழும் ஒரு சொல், 'பச்சை மண்'. பிள்ளைகள் பச்சை மண், எப்படிப் பிடித்தாலும் அப்படி ஆவார்கள் என்பது பேச்சு. பீங்கானால் பேர்பெற்ற விருத்தாசலத்தில் இப்படிச் சொன்னால் களிமண்ணில் வேலை செய்கிறவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மண்ணுக்கு நினைவு உண்டு. ஈரத்தில் ஒரு பலகையை வளைத்துவிட்டு மறுபடி நேராக்கி, பார்க்க ஒரு குறையும் தெரியாமல் காயவைத்துவிடலாம். சூளையில் வெந்து வரும்போது, முதலில் வளைந்த பக்கமே அது மறுபடி வளைந்திருக்கும். எந்த இடத்தில் வளைந்தது என்பது அந்த மண்ணுக்கு மட்டும் தெரியும். பிள்ளையிடம் கேட்டால் சொல்லும், மண்ணைப் போல அதற்கு வாய் இல்லாமல் போய்விடவில்லை.

கேட்கும் வழக்கத்துக்கு இந்த ஊர்ப் பக்கம் ஒரு பழைய முறை உண்டு. விருத்தாசலத்தை ஒட்டிய மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில். முருகன் அங்கே உருவம் இல்லாமல் பலிபீட வடிவில் இருக்கிறார். அவரிடம் 'பிராது' கட்டுவது வழக்கம். நீதிமன்றத்துக்கு மனு எழுதுவது போலவே வெள்ளைத் தாளில் பெயர், ஊர், என்ன குறை, யாரால் குறை, என்ன வேண்டும் என்று எழுதி, சுவாமி முன் வைத்து வாங்கி, முனியப்பர் சந்நிதியில் இருக்கும் வேலில் கட்டிவிட்டு வருவார்கள். காணாமல் போன மாடு, திரும்ப வராத கடன், பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பி, எல்லாம் அந்தத் தாள்களில் உண்டு. குறை தீர்ந்ததும் மறுபடி வந்து பிராதை 'ராஜினாமா' செய்ய வேண்டும்.

தெய்வம் தீர்த்ததா என்பது அவரவர் நம்பிக்கை. அதற்கு முன்னால் நடக்கும் ஒன்று கவனிக்கத் தக்கது. எழுதுகிறவர் உட்கார்ந்து, நெஞ்சில் கலங்கிக் கிடப்பதை வாக்கியமாக்க வேண்டியிருக்கிறது. 'மனசு சரியில்லை' என்று எழுதினால் பிராது ஆகாது. எது, எப்போது, எதனால் என்று பிரித்தாக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் பள்ளிகளுக்கென்று வகுத்த பத்து வாழ்க்கைத் திறன்களில் தன்னை அறிவதும், உணர்ச்சியைக் கையாள்வதும் இடம்பெற்றன. இரண்டுக்கும் முதல் படி, உள்ளே இருப்பதற்குப் பெயர் வைப்பது. அந்தப் படியை மணவாளநல்லூருக்கு வருகிறவர்கள் ஏறிவிடுகிறார்கள்.

அண்மை ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்று எழுதிய பெட்டிகள் வந்தன. பிள்ளைகள் தங்கள் குறையைச் சீட்டில் எழுதிப் போடலாம். பெயர் வைத்தவர் யாரோ, நல்ல காது உள்ளவர். இதுவும் ஒரு பிராதுப் பெட்டிதான். ஆனால் நடந்த கொடுமையை எழுதவே பெட்டி என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. அது முதல் தேவை என்பதில் சந்தேகமில்லை. அதற்கும் அப்பால், யார் மேலும் குற்றம் இல்லாத குறைகள் பதினைந்து வயதில் எத்தனையோ உண்டு. காரணமே இல்லாமல் அழுகை வருவது. நண்பன் வேறொருவனோடு சேர்ந்தால் வயிறு எரிவது. படித்தது எல்லாம் தேர்வுத் தாளைப் பார்த்ததும் மறந்துபோவது. இவற்றை ஒருவரிடமும் புகாராகக் கொடுக்க முடியாது. பாடமாகத்தான் கொடுக்க முடியும்.

அப்படி ஒரு பாடம் இந்தியாவில் இல்லாமல் இல்லை. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் 11, 12-ஆம் வகுப்புகளுக்கு உளவியல் ஒரு விருப்பப் பாடம். என்.சி.இ.ஆர்.டி. 2006-லும் 2007-லும் அதற்கு வெளியிட்ட நூல்களில் நினைவு, கற்றல், உணர்ச்சி எல்லாம் தனித்தனிப் பாடங்கள். 12-ஆம் வகுப்பு நூலின் இரண்டாம் பாடமே 'தான்' என்பதைப் பற்றியதுதான். அமெரிக்கப் பள்ளிகளில் கல்லூரித் தரத்திலான உளவியல் தேர்வு 1992-லேயே வந்துவிட்டது. திட்டக்குடிப் பிள்ளைக்கு ப்ளஸ் ஒன் சேரும்போது கிடைக்கும் தேர்வு வேறு. கணக்கும் அறிவியலும் உள்ள ஃபர்ஸ்ட் குரூப்பா, வணிகவியலா, தொழிற்பிரிவா? மதிப்பெண் எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம். உள்ளேயிருந்து பார்க்கும் படிப்பை இரண்டாண்டு பாடமாக்க முடியாவிட்டாலும், நீதிபோதனை என்று அட்டவணையில் இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தையாவது அதற்குத் திருப்பிக் கொடுக்கலாம். புதிதாகக் கருவி ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. கண்ணாடி, நட்சத்திரம் அச்சிட்ட தாள், பென்சில். பி.எட். முடித்த ஆசிரியருக்கு நடத்தவும் தெரியும்.

முதல் முயற்சியில் கை தடுமாறும்போது பிள்ளைகள் அனேகமாகச் சிரிப்பார்கள், சிலருக்குக் கோபம் வரும், ஒருசிலர் பென்சிலை வைத்துவிடுவார்கள். அங்கேயே நிறுத்திக் கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது: இப்போது உனக்குள் என்ன ஓடியது? 'எனக்கு வராது' என்று ஓடியிருந்தால், கணக்கு நோட்டின் முன்னால் அதே வாக்கியம் எத்தனை தடவை ஓடியிருக்கிறது? ஆறாவது முயற்சி முடிந்ததும் அந்த வளைகோட்டைப் பிள்ளையின் கையிலேயே கொடுக்கலாம். தவறு எப்படி இறங்கியிருக்கிறது என்று விரலை வைத்துப் பார்க்கட்டும். தன் மூளை வேலை செய்த விதத்தின் படம் அது. அதில் வேறொருவரின் மதிப்பெண் கிடையாது, பக்கத்தில் இருப்பவனின் ரேங்க் கிடையாது.

சைக்காலஜி ரெக்கார்டில் ஒவ்வொரு சோதனைக்கும் கடைசியில் 'அகநோக்கு அறிக்கை' என்று ஒரு பகுதி உண்டு. சோதனைக்கு உட்பட்டவர், செய்யும்போது தனக்குள் என்ன உணர்ந்தார் என்று தானே சொல்ல வேண்டிய இடம். கோடு போட்ட மூன்று, நான்கு வரிகள்தான். மணி அடிக்கும் அவசரத்தில் பயிற்சி ஆசிரியரே ஆர்வத்தோடு செய்தான் என்று ஏதோ எழுதி நிரப்பிவிட்டு நோட்டை மூடிவிடலாம். அந்த நோட்டை மேசையின் இந்தப் பக்கம் திருப்பி வைத்து, பென்சிலை இன்னும் கையிலேயே பிடித்திருக்கும் பையனிடம், "இது உன் இடம், நீயே எழுதுப்பா" என்று சொல்லிவிட்டு ஐந்து நிமிடம் காத்திருக்கவும் செய்யலாம்.